இரண்டு லட்சம் மைல் ஓடிய எஞ்சின்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உட்பிரதேசங்களில், டெக்ஸாஸின் மேய்ச்சல் நிலங்களிலும் அயோவாவின் மக்காச்சோளக் காடுகளிலும், அன்றாடம் உழைக்கிற வாகனம் எதுவென்று கேட்டால், முன்புறம் மூவர் அமரத்தக்க சிறு அறையும் பின்புறம் திறந்த பெட்டியும் கொண்ட பிக்கப் வண்டியையே எவரும் காட்டுவார்கள். வைக்கோல் கட்டும் வேலிக் கம்பியும் கன்றுக்குட்டியும் டிராக்டரின் பழுதான சக்கரமும் ஏறி இறங்கும் அவ்வண்டிகளில், 1973 முதல் 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஷெவர்லே என்ற பெயரில் செய்து விற்றவை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வறண்ட பிரதேசங்களில் தகரம் எளிதில் துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டமும் நீண்ட காலம் தாங்குகிறது. எஞ்சின் மாத்திரம் வயதாகி, ஆயில் குடித்து, நீலப் புகை தள்ளி, மேட்டில் ஏறும்போது இழுவை குன்றிப் போகிறது. அதற்காக வண்டியையே கழித்துவிட மனம் வராத சொந்தக்காரர், குறைந்த பணத்தில் அதன் பழைய பலத்தை மீட்பதோடு சற்றே அதிகப் பலத்தையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதே இங்கே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

அவ்வண்டிகளின் முகப்புப் பலகையில் மைல் கணக்குக் காட்டும் கருவியில் முழு மைல்களுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 மைல் ஓடி முடிந்ததும் அது மறுபடியும் சைபரிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே 62,000 என்று காட்டும் வண்டி உண்மையில் 1,62,000 மைல் ஓடியதா, 2,62,000 மைல் ஓடியதா என்பது, பல கை மாறி அதை வாங்கியவருக்குத் தெரிய நியாயமில்லை. எஞ்சினைப் பிரித்து அளந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வேலையில் சிக்கனத்துக்கும் பலத்துக்கும் விரோதம் உண்டென்று பலர் எண்ணுகிறார்கள். பளபளக்கும் உதிரிப் பாகங்களுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை, மைக்ரோமீட்டர் பிடித்து நேர்மையாக அளக்கத் தெரிந்த பட்டறைக்காரருக்குக் கொடுப்பவருக்கு அவ்விரண்டும் ஒருங்கே கிட்டுகின்றன என்பது எனது திடமான அபிப்பிராயம்.

இந்த எஞ்சினின் வம்சம் பெரிது. ஷெவர்லே பிரிவின் தலைமை எஞ்சினீயராக இருந்த எட் கோல் என்பவரின் மேற்பார்வையில் உருவாகி, 1955-ஆம் வருஷத்து மாடல்களில் முதன்முதலாக வெளிவந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் 265 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது சுமார் 4.3 லிட்டர் கொண்டது. ‘ஸ்மால் பிளாக்’ என்று பெயர் பெற்ற அதுவே படிப்படியாக வளர்ந்து, 1967-ஆம் வருஷத்து மாடல்களில் 350 கன அங்குல எஞ்சினாயிற்று. நம் கணக்கில் 5.7 லிட்டர். சிலிண்டரின் விட்டம் 101.6 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 88.4 மில்லிமீட்டர். இவ்விரண்டு அளவுகளும் அந்த நூற்றாண்டின் இறுதிவரை மாறவேயில்லை. 1986 முதல் கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல் இரண்டு துண்டுக்குப் பதிலாக ஒரே துண்டாக வந்தது போன்ற சில திருத்தங்களை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு வருஷத்து எஞ்சினில் மற்றொரு வருஷத்துப் பாகத்தைப் பெரும்பாலும் பொருத்திவிடலாம். பிஸ்டனும் பேரிங்கும் கேஸ்கட்டும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பெரிய எஞ்சின் வேறு உண்டா என்பது சந்தேகமே.

இத்தனை பெரிய எஞ்சின் 1980-களின் தொடக்கத்தில் பிக்கப் வண்டிகளில் ஏறத்தாழ 165 குதிரைச் சக்தியே கொடுத்தது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. ஈயம் கலவாத பெட்ரோலும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் வரப்போவதை முன்னிட்டு, 1971-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் கம்ப்ரெஷன் விகிதத்தை, அதாவது பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்ற கணக்கை, கணிசமாகக் குறைத்தது. சிலிண்டர் ஹெட்டில் பெட்ரோல் எரியும் அறை 76 கன சென்டிமீட்டராக அகன்றது; வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மிகவும் சாதுவாயிற்று; எட்டு சிலிண்டர்களின் புகையும் ஒரே ஒடுங்கிய குழாயில் முட்டி மோதி வெளியேறிற்று. ஆனால் 1996-இல் அதே கம்பெனி அதே 5.7 லிட்டர் எஞ்சினுக்கு ‘வோர்டெக்’ என்ற புதிய ஹெட்டையும் மேலான பெட்ரோல் செலுத்தும் ஏற்பாட்டையும் வைத்து, சுமார் 250 குதிரைச் சக்தியை எடுத்துக் காட்டியது. இரும்பு அதேதான், காற்று உள்ளே புகும் வழியும் எரியும் அறையின் உருவமுமே முக்கியமாக மாறின. பழைய எஞ்சினுக்குள் எடுக்கப்படாத பலம் எவ்வளவு மிஞ்சிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

பிரிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய சோதனைகள் சிலவே. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அழுத்தத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சிலிண்டருக்குள் அழுத்தமான காற்றைச் செலுத்தி, அது எங்கே கசிகிறதென்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் தேய்ந்துவிட்டது. புகைக் குழாயில் சீறினால் வால்வு சரியாக அமரவில்லை. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ போயிற்று. சில வேளைகளில் சிலிண்டர்கள் நல்ல நிலையில் இருந்து, வால்வு வேலையோடு காரியம் முடிந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அவ்விதம் முடிவதில்லை. பிஸ்டன் ரிங் உச்சத்தில் திரும்பும் இடத்திலேதான் வெப்பமும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. ஆதலால் சிலிண்டர் அடிப்பக்கத்தைவிட மேற்பக்கத்தில் அதிகமாகத் தேய்ந்து, கூம்பு போல் விரிந்துவிடுகிறது. இந்த விரிவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால், புது ரிங் மாத்திரம் போட்டுச் சமாளிப்பது பணத்தை வீணாக்குவதேயாகும். மேலே செல்லும்போது விரியவும் கீழே வரும்போது சுருங்கவும் நேரும் ரிங் எத்தனை நாள் தாங்கும்?

பட்டறையில், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கைச் சுத்தம் செய்தபின் நடக்கவேண்டிய முதற் காரியம் விரிசல் பார்ப்பது. காந்தமேற்றி இரும்புத் தூளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் மேல் தூள் கோடாகப் படிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். விரிசல் கண்ட பிளாக்கில் அதன்பின் ஒரு காசும் செலவிடலாகாது என்பதனாலேயே இது முதலில் நிற்கிறது. அதன்பின் ரீபோர். வழக்கமாக 0.76 மில்லிமீட்டர் அகலப்படுத்தி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறார்கள். இவ்வகலத்தால் கொள்ளளவு கூடிப் பலம் பெருகும் என்று சிலர் நம்புவது சரியன்று. மொத்தத்தில் கூடுவது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே. ரீபோரின் பிரயோஜனம் சிலிண்டர் மறுபடியும் உருளையாவதில் இருக்கிறது. ஹெட்டைப் போல்ட் வைத்து இறுக்கும்போது பிளாக்கின் சுவர் மிக நுட்பமாகக் கோணுவதால், நல்ல பட்டறைக்காரர் ஹெட் இருக்குமிடத்தில் கனத்த இரும்புப் பலகையொன்றை அதே இறுக்கத்தில் பூட்டிவிட்டு, அந்த நிலையிலேயே சிலிண்டரைக் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்வார். இதற்குக் கேட்கும் சொற்ப அதிகக் கூலியைத் தயங்காமல் கொடுக்கலாம். ரிங் சிலிண்டரோடு முழுவதும் ஒட்டி நின்றாலன்றி, மேலே என்ன அலங்காரம் செய்தும் பயனில்லை.

இனி, பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிற, ஆனால் இந்த முயற்சி முழுவதற்குமே உயிர்நிலையான விஷயத்துக்கு வருவோம். பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி எஞ்சுகிறது. அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராக இருந்தால், அங்குள்ள பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பிதுக்கப்பட்டு, எரியும் அறையின் நடுவே வேகமாய்ப் பாய்ந்து, கலங்கி, சீராகவும் விரைவாகவும் எரிகிறது. இடைவெளி அதற்கு மேல் அகன்றுபோனால் பிதுக்கம் தளர்கிறது; ஓரங்களில் தங்கிய கலவை, தீ வந்து சேருமுன் தானாகவே வெடிக்கத் துணிகிறது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது எஞ்சின் ‘நாக்’ அடிப்பதாக ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

தொழிற்சாலையில் இந்த எஞ்சின் செய்யப்பட்ட காலத்தில், பிஸ்டன் தலை பிளாக்கின் மேற்பரப்புக்கு 0.6 மில்லிமீட்டர் தாழ்வாக நின்றது. மெல்லிய எஃகுத் தகட்டாலான கேஸ்கட்டின் கனம் 0.4 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்து சரியாக ஒரு மில்லிமீட்டர். ஆனால் புதுப்பிப்பு வேலைக்கென்று சந்தையில் மிக மலிவாக விற்கும் பிஸ்டன்களில் பல, மூலத்தைவிட அரை மில்லிமீட்டர் குட்டையாகச் செய்யப்பட்டவை. பிளாக்கின் மேற்பரப்பைச் சீவி மட்டம் செய்திருந்தால் பிஸ்டன் வெளியே தலை நீட்டிவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கையால் அவ்வாறு செய்கிறார்கள். மேற்பரப்பைச் சீவாமல் இந்தக் குட்டைப் பிஸ்டனைப் போட்டு, இப்போது வழக்கத்திலுள்ள ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கேஸ்கட்டையும் வைத்தால், இடைவெளி இரண்டு மில்லிமீட்டரையும் தாண்டிவிடுகிறது. 76 கன சென்டிமீட்டர் அறையுள்ள பழைய ஹெட்டோடு கணக்கிட்டால் கம்ப்ரெஷன் விகிதம் 8.3 அளவில் நிற்கும். புத்தம் புதிய பாகங்கள் போட்டும் வண்டி பழையபடியே சோம்பிக் கிடக்கிறதே என்று ஏங்குகிறவர்களின் துயரத்துக்கு வேர் பல சமயங்களில் இந்த அரை மில்லிமீட்டர்தான்.

பரிகாரம் எளிது. பிஸ்டன் வாங்குமுன், அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசியின் மையத்திலிருந்து தலைவரை உள்ள உயரத்தைக் கேட்டு, முழு உயரமுள்ளதையே வாங்க வேண்டும். விலையில் பெரிய வித்தியாசமில்லை. முழு உயரமும், அரைவட்ட வடிவில் 12 கன சென்டிமீட்டர் குழிவும் உள்ள பிஸ்டன், 64 கன சென்டிமீட்டர் அறையுள்ள ஹெட், 0.7 மில்லிமீட்டர் கேஸ்கட் இவை சேர்ந்தால் விகிதம் 9.3 ஆகிறது. குழி அரைவட்டமாக இருக்க வேண்டியதன் காரணம், ஹெட்டின் தட்டையான பகுதிக்கு எதிரே பிஸ்டனும் தட்டையாகவே நின்று பிதுக்கம் கெடாமல் காப்பதற்காக. அமெரிக்காவில் 87 ஆக்டேன் என்று விற்கப்படும் சாதாரணப் பெட்ரோலே இந்த எஞ்சினுக்குப் போதும். நம் நாட்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 91 ஆகும். விகிதம் ஒரு புள்ளி உயர்ந்தால் பலம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு உயரும் என்பது பொதுக் கணக்கு. அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இந்த உயர்வு குறைந்த வேகத்திலும் நடுத்தர வேகத்திலும் அதிவேகத்திலும் ஒருங்கே கிட்டுவது, பெட்ரோல் செலவையும் குறைப்பது. வேறெந்த உபாயத்துக்கும் இச்சிறப்பில்லை.

ஹெட்டைப் பொறுத்தவரையில், பழைய வண்டிக்கிடங்குகளில் 1996-க்குப் பிற்பட்ட பிக்கப் வண்டிகளிலிருந்து கழற்றிய வோர்டெக் ஹெட் ஒரு ஜோடி கிடைக்குமானால், அதுவே ஏழைக்கு வாய்த்த செல்வம். அதன் எரியும் அறை 64 கன சென்டிமீட்டர். காற்று வழி உயர்ந்தும் வளைவு குறைந்தும் இருப்பதால் பழைய ஹெட்டைவிடத் தாராளமாய் மூச்சு விடும். எரிதல் விரைவாக நடப்பதால் பற்றவைக்கும் கணத்தை இரண்டு மூன்று டிகிரி பின்தள்ளி வைக்கலாம். ஆனால் அதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு. இன்டேக் மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட்களின் அமைப்பு வேறாகையால் பழைய மேனிஃபோல்ட் பொருந்தாது. அதையும் வாங்கக் கணக்குப் போட வேண்டும். சூடான புகையைக் கார்புரேட்டரின் அடியில் கொண்டுசெல்லும் வழி இதில் இல்லையாதலால், கடுங்குளிர்ப் பிரதேசங்களில் காலையில் எஞ்சின் சூடேறச் சற்று நேரமாகும். வால்வு உயர்ந்து திறக்கும் தூரம் சுமார் 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால், வால்வு கைடைக் கடைந்து குறைத்தாலன்றி இடிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, வால்வு இருக்கைகளின் அருகே விரிசல் விடுவது இந்த ஹெட்டுகளின் பிரசித்தமான குறை; விரிசல் சோதனை முடியாமல் இதற்குப் பணம் கொடுப்பது விவேகமன்று.

கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் ஆசை மனிதரை வழி தவறச் செய்கிறது. வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம், நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் கர்ஜிக்கும்போது பெரும் பலத்தைக் கொடுக்கும். அதற்குப் பிரதியாகக் குறைந்த வேகத்தில் அழுத்தத்தைக் கசியவிட்டு, இழுவையைக் கெடுக்கும். பந்தய வண்டிக்கு அது உகந்தது. சுமை இழுக்கும் பிக்கப் தன் ஆயுளில் பெரும்பகுதியை 1,500-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட சுற்றுகளில் கழிக்கிறது. சேற்றில் பதிந்த டிரெய்லரை இழுத்தெடுக்கும் வேளையில், நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றில் எத்தனை குதிரைச் சக்தி என்ற கேள்விக்கே இடமில்லை. ஆகவே, கேமின் மேல் நின்று எழும் லிஃப்டர் 1.27 மில்லிமீட்டர் உயர்ந்த நிலையில் அளந்து இன்டேக் பக்கம் 204 டிகிரியும் எக்ஸாஸ்ட் பக்கம் 214 டிகிரியும் திறந்திருக்கும் கேம் இவ்வண்டிக்குப் போதுமானது என்பேன். அதனோடு, தளர்ந்த பழைய டைமிங் செயினை நீக்கி இரட்டை ரோலர் செயின் போடுவது அவசியம்; செயின் தளர்ந்தால் கேம் பின்தங்கி, வால்வுகள் காலந்தவறித் திறந்து, மற்றெல்லாச் செலவையும் பாழாக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயரமான ஒற்றை அறை மேனிஃபோல்டைத் தவிர்த்து, குறைந்த வேகத்துக்கு ஏற்ற இரட்டைத் தள மேனிஃபோல்டை வாங்க வேண்டும். வண்டியோடு வந்த ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரை எறிந்துவிட வேண்டியதில்லை. முன்புறத்துச் சிறு துவாரங்கள் சிக்கனத்துக்கும் பின்புறத்துப் பெரிய துவாரங்கள் பலத்துக்குமாக அமைந்த அருமையான படைப்பு அது, சுத்தம் செய்து தேய்ந்த புஷ்களை மாற்றினாலே செம்மையாக வேலை செய்யும். புகைக்கு இருபக்கமும் தனித்தனிக் குழாய் வைப்பது செலவுக்கு மிஞ்சிய பலன் தரும். ஆனால் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் கழற்றுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கலிபோர்னியாவில் பழைய பெட்ரோல் வண்டிகளுள் 1975-ஆம் வருஷத்தையும் அதற்கு முந்தியவற்றையும் சேர்ந்த வண்டிகளுக்கே புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பாகம் வாங்குமுன் தம் மாநிலத்து விதியைப் படித்துக்கொள்வது சொந்தக்காரரின் கடமை.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த பிளாக்கை அப்படியே பூட்டத் தொடங்குவது பெரிய ஆபத்து. ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் சுவரின் நுண்ணிய கீறல்களில் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ அதை வெளியேற்றாது. வெந்நீரும் சோப்பும் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மெல்லிய ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் சற்றும் படியாமற்போகும் வரையில் அதை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். இவ்வேலைக்குக் காசு செலவில்லை, பொறுமை ஒன்றே செலவு. கிராங்க் ஷாஃப்டை 0.25 மில்லிமீட்டர் கடைந்திருந்தால் அதற்கேற்ற பேரிங்கைப் போட்டு, அளவிடும் மெழுகு நூலை வைத்து இறுக்கிப் பிரித்து, இடைவெளி 0.05-க்கும் 0.06 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பேரிங் மூடிகளும் கனெக்டிங் ராடின் மூடிகளும் எந்த இடத்திலிருந்து கழற்றப்பட்டனவோ அந்த இடத்திலேயே, அதே முகமாகப் பூட்டப்பட வேண்டியவை. அதற்காகவே பிரிக்கும் நாளில் எண் குத்தி வைக்கிறார்கள். மேல் ரிங்கின் வாய் இடைவெளியைச் சிலிண்டருக்குள் வைத்து அளந்து, சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கும்படி அரம் கொண்டு திருத்துவதும் வழக்கம். சிலிக்கன் மிகுந்த சில பிஸ்டன்களில் மேல் ரிங் அதிகமாகச் சூடேறுவதால் செய்தவர்கள் அதற்கு மேலும் இடைவெளி கேட்பார்கள்; பெட்டியிலுள்ள காகிதத்தைப் படிக்காமல் பொதுக் கணக்கில் விட்டால், ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டனின் தலையையே பெயர்த்துவிடும்.

முதன்முறை எஞ்சினைக் கிளப்புமுன் ஆயில் எல்லா இடத்துக்கும் சென்று சேர்ந்திருக்க வேண்டும். ஸ்மால் பிளாக்கில் ஆயில் பம்பைச் சுழற்றுவது டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு. அதை எடுத்துவிட்டு, அதே துளையின் வழியே அதற்கென்று செய்த கருவியைச் செலுத்தி, கையில் பிடிக்கும் மின்சார டிரில்லால் பம்பைச் சுழற்றினால், சற்று நேரத்தில் பதினாறு ராக்கர்களிலும் ஆயில் கசிந்து வருவதைக் காணலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் ஆயில் வழியின் ஒரு பகுதியை அடைத்து நிற்பதாகையால், வெறும் கம்பியைச் செலுத்தினால் அழுத்தம் எழாது. கருவியும் அவ்வாறே அடைக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

கிளம்பியதும் எஞ்சினை ஐடிலில் விட்டு ரசிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தட்டை அடி லிஃப்டர் உள்ள கேமுக்கு ஆயில் கிடைப்பது கிராங்க் ஷாஃப்ட் சுழன்று வாரியிறைக்கும் துளிகளால். வேகம் குறைந்தால் துளிகள் எட்டுவதில்லை. முதல் இருபது நிமிஷம் 2,000 சுற்றுக்குக் குறையாமல், அவ்வப்போது ஏற்றியும் இறக்கியும் ஓடவிட்டால் கேமும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும். இக்காலத்து ஆயில்களில், புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கு ஊறு நேராதிருக்கத் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருளைக் குறைத்துவிட்டார்கள். அது மிகுந்த, புது எஞ்சினுக்கென்றே விற்கும் ஆயிலை ஊற்றாமல் இந்த இருபது நிமிஷத்தைக் கடப்பது கேமைப் பணயம் வைப்பதாகும்.

அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து விரித்து, காகித மடிப்புகளில் மினுக்கும் துகள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மிக நுண்ணிய சாம்பல் துகள் சிறிது இருப்பது இயல்பு. நகத்தால் நெருடக்கூடிய செதில் இருந்தால் வண்டியை நகர்த்தாமல் கேமையும் பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது. செதில் இல்லையென்றால், சாலையில் நடுத்தர வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தி வேகமெடுப்பதும், பிறகு முற்றிலும் விட்டு எஞ்சினாலேயே வேகம் தணியச் செய்வதுமாகச் சில மைல் ஓட்ட வேண்டும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அமுக்குவதால்தான் அது பதிகிறதேயன்றி, மெல்ல மெல்ல ஓட்டிப் பாதுகாப்பதால் அன்று. ஐந்நூறு மைல் ஆனதும் இன்னொரு முறை ஆயில் மாற்றி, பற்றவைக்கும் கணம் வோர்டெக் ஹெட்டுக்கு மொத்தத்தில் 32 டிகிரி அளவில் நிற்கிறதா என்று விளக்கு வைத்துச் சரிபார்த்துவிட்டு, டிரெய்லரை மாட்டிக்கொள்ளலாம்.